தலைவலிப் பதிவேடு

ஒரகடம் பக்கம் கார் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் அந்தக் கம்பெனியில் யாருக்கும் அடிபடுவதே இல்லை. வாசலில் போர்டே வைத்திருக்கிறார்கள். மேலே பச்சை எழுத்தில் 'விபத்தில்லா நாட்கள்', கீழே சிவப்பு விளக்கில் எண். ஷாலின் வேலைக்குச் சேர்ந்த அன்று அது 251. இப்போது 970-ஐத் தாண்டிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு பேர், மூன்று ஷிஃப்ட், நானூறு டன் அழுத்தத்தோடு இறங்கும் பிரஸ் மெஷின்கள், பிளேடு மாதிரி விளிம்புள்ள தகடுகள். அத்தனைக்கும் நடுவே ஒரு சின்னக் கீறல் கிடையாது. வானத்திலிருந்து தேவதூதர்களே இறங்கி வந்து லைனில் நின்றிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக நடந்திருக்காது.

அந்தப் போர்டிலிருந்து இருபது அடி தள்ளி ஃபர்ஸ்ட் எய்ட் ரூம். அதில் பகல் ஷிஃப்ட் நர்ஸ் ஷாலின். அடியே படாத கம்பெனியில் நர்ஸுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தலைவலிதான். ஒரு நாளைக்கு நாலைந்து தலைவலி வரும். சில தலைவலிகள் கட்டை விரலில் அழுக்குத் துணி சுற்றிக்கொண்டு, தரையெல்லாம் சொட்டிக்கொண்டு வரும். சில தலைவலிகளுக்கு உள்ளங்கையிலிருந்து இரும்புத் தூளை இடுக்கியால் எடுக்க வேண்டியிருக்கும். நிஜமாகவே தலை வலித்து வருகிறவனும் உண்டு. அவனுக்கும் தலைவலி என்றுதான் ரெஜிஸ்டரில் எழுதினாள். வேறு என்ன எழுதுவது?

இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் ஹெச்.ஆர். மேனேஜர் நம்பிராஜன். வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் அவர் ரெஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பொறுமையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா எழுதியிருக்கீங்க இங்க?"

"இடது உள்ளங்கைல வெட்டு சார். நாலு சென்டிமீட்டர்."

"படிக்கத் தெரியுதும்மா எனக்கு. ஏன் எழுதியிருக்கீங்கன்னு கேக்கறேன்."

வெட்டு இருந்தது, எழுதினாள்.

"அந்தப் பையனுக்குக் கை வெட்டுப்பட்டப்ப தலை வலிச்சிருக்குமா, வலிச்சிருக்காதா?"

"வலிச்சிருக்கும் சார்."

"அவ்ளோதான். அதை எழுதுங்க. நான் யாரையும் பொய் எழுதச் சொல்ற ஆளு இல்ல."

அந்தப் பக்கத்தை அவரே அழகாகக் கிழித்தார். அன்றிலிருந்து வெட்டு என்றால் தலைவலி, தீக்காயம் என்றால் உடல் சூடு, எண்ணெயில் வழுக்கி விழுந்தால் மயக்கம். ஷாலின் ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். பழகியதற்குக் காரணமும் இருந்தது. இந்த வேலை நிரந்தரமில்லை, இன்னும் கொஞ்ச நாளில் ஜெர்மனிக்குப் பறந்துவிடப் போகிறோம், பறக்கப் போகிறவளுக்கு ஒரகடத்து ரெஜிஸ்டரில் என்ன இருந்தால் என்ன என்று நினைத்தாள். இருபத்து மூன்று வயதில் இப்படி நினைப்பது குற்றமில்லை. ஆனால் விலை உண்டு.

ஜெர்மனிக்குப் போகும் செய்தி அவளுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் அப்பா இருதயசாமி அதே கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் டிரைவர். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஆள் ஏற்றி ஒரகடத்தில் இறக்குவார். கியர் மாற்றும்போதெல்லாம் பேச்சையும் ஜெர்மனிக்கு மாற்றுவார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில், "ஜெர்மனி நாட்டில் நோயாளிகளுக்குப் பணிபுரியச் செல்லும் எங்கள் சகோதரி ஷாலினுக்காக" என்று ஒன்றரை வருடமாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சகோதரி ஒன்றரை வருடமாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, தனக்காகத் தானே "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆண்டவர் கேட்டாரோ இல்லையோ, ஷாலின் படித்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மொபைல் கடை மாடியில் ஜெர்மன் வகுப்பு. கீழே ஒருவர் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருப்பார், மேலே இருபது நர்ஸுகள் தொண்டையைக் காறிக்கொண்டு ஒரு வார்த்தையை உச்சரிப்பார்கள். இரண்டாவது முயற்சியில் மொழித் தேர்வு பாஸ். சான்றிதழ்களை அனுப்பினாள். நான்கு மாதம் கழித்து அங்கிருந்த அங்கீகார அலுவலகத்திலிருந்து பதினான்கு பக்கத்தில் பதில் வந்தது.

அவளுடைய மூன்று வருட நர்ஸிங் படிப்பை அவர்கள் தங்கள் நாட்டுப் படிப்போடு மணிக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். மனநலப் பராமரிப்பு சரி, குழந்தைகள் பராமரிப்பு சரி, ஊசி மருந்து சரி. காயப் பராமரிப்பில் மட்டும் இருநூற்று நாற்பது மணி நேரம் குறைகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். வேலை அனுபவத்தில் காயங்களுக்குக் கட்டுப் போட்டிருந்தால், அதற்கு ஆதாரம் காட்டினால், அந்த மணி நேரம் கழிக்கப்படும். முழுவதும் கழிந்துவிட்டால் அங்கே இறங்கிய நாளிலிருந்தே நர்ஸ். கழியாவிட்டால் ஒரு வருடம் உதவியாளராக வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும்.

ஷாலின் வாய்விட்டுச் சிரித்தாள். காயமா? இரண்டு வருடத்தில் அவள் சுற்றிய கட்டுத்துணியை நீளமாகப் பிரித்து விட்டால் வல்லக்கோட்டை முருகன் கோயில் வரை போகும்.

உதவியாளர் என்றால் என்ன என்று அவளுக்கு ரூத் சொல்லியிருந்தாள். ரூத் அதே மாடி வகுப்பில் படித்து முன்னாலேயே போனவள். வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள்.

"ஏய் ஷாலினு, கேளு. எனக்கு அங்க ஐ.சி.யூ.ல ஆறு வருஷம். வென்டிலேட்டர் மாட்டுவேன், கழட்டுவேன். இங்க வந்து எட்டு மாசமா ஒரு தாத்தாவுக்கு முதுகு தேச்சிக்கினு கீறேன். தேய்க்கிறது தப்பில்ல, நல்ல மனுஷன். ஆனா நேத்து அவருக்கு டிரிப்பு நின்னு போச்சி. நான் கை வெக்கக் கூடாதாம். பத்தொம்போது வயசுப் பொண்ணு, இன்னும் படிச்சிக்கினு கீது, அது வந்து எனக்கு சொல்லித் தருது. 'ரூத், இதான் டிரிப், மேலேர்ந்து கீழ வரும்'னு. நானும் 'ஓ அப்டியா'ன்னு கேட்டுக்கினேன். எல்லாம் இன்னாத்துக்கு? என் பழைய ஆஸ்பத்திரிக்காரன் லெட்டர் தரலடி. நீயாவது லெட்டரோட வா."

ஆக, ஷாலினுக்கு வேண்டியது ஒரு லெட்டரும், அதற்கு ஆதாரமாக ரெஜிஸ்டரின் நகலும். லெட்டர் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் ரெஜிஸ்டரை ஜெராக்ஸ் எடுத்து, சென்னையில் மொழிபெயர்ப்பு செய்யும் சுப்பராயன் என்பவருக்கு அனுப்பினாள். அவசரத்தில் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் தானே எழுதிய ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருத்தி மறக்க முடியுமா என்றால், முடியும். ஷாலினுக்குக் காயங்கள் ஞாபகம் இருந்தன. எழுத்து ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் சுப்பராயன் போன் செய்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நானும் அம்பது பக்கம் முடிச்சுட்டேன். எல்லாம் தலைவலியா இருக்கே?"

"சார்?"

"தலைவலி, தலைவலி, உடல் சூடு, தலைவலி. ஏம்மா, உங்க கம்பெனியில ஜன்னல் எதுவும் கிடையாதா? காத்து வராதா?"

ஷாலின் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒரே வார்த்தைய திருப்பித் திருப்பி எழுதிட்டு உங்ககிட்ட பக்கத்துக்கு இவ்ளோன்னு வாங்க எனக்கு மனசு வரல. வேற புஸ்தகம் ஏதும் மாத்தி அனுப்பிட்டீங்களான்னு பாருங்க."

மாற்றி அனுப்பவில்லை. அன்று மதியம் ரூமில் ஆள் இல்லாதபோது ஷாலின் ரெஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நர்ஸிங் ஸ்கூலில் அவள் கையெழுத்துக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். முத்து முத்தான எழுத்தில் தலைவலி. இந்தத் தலைவலி வெல்டிங் செக்‌ஷன் ஆள், முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. இந்தத் தலைவலி ஒரு பீகார் பையன், அழக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பல்லே வலித்துப் போனவன். ஒவ்வொரு முகமும் வந்தது. ஒன்றைக்கூட நிரூபிக்க முடியாது. இருநூற்று நாற்பது மணி நேரத்தைப் போல எத்தனையோ மடங்கு வேலையைச் செய்துவிட்டு, செய்யவே இல்லை என்று தன் கையாலேயே, தினமும், தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். இப்படி ஒரு திருட்டை வெளியாள் யாரும் அவளிடம் செய்திருக்க முடியாது.

போர்டில் 981. அவள் நம்பிராஜனிடம் போனாள்.

"ஜெர்மனியா! ரொம்ப சந்தோஷம்மா. நம்ம ஃபேமிலியிலேர்ந்து ஒருத்தர் ஃபாரின் போறது நமக்குப் பெருமை. லெட்டர் தானே? இப்பவே அடிக்கச் சொல்றேன்."

"காயத்துக்கு டிரெஸ்ஸிங் பண்ணேன்னு வரணும் சார்."

நம்பிராஜனின் முகத்திலிருந்த ஃபேமிலி மெதுவாக எழுந்து வெளியே போனது.

"எந்தக் காயம்?"

"சார், உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ரெஜிஸ்டர்தாம்மா தெரியும். காயமே படாத கம்பெனியில காயத்துக்குக் கட்டுப் போட்டாங்கன்னு நான் எப்படி எழுதறது? படிக்கிறவன் சிரிக்க மாட்டானா? ஆயிரமாவது நாளுக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து அவார்டு குடுக்க வர்றாங்க. கேக்குக்கு ஆர்டர் போயிடுச்சு. இந்த நேரத்துல ஜெர்மனிக்கு நம்ம லெட்டர்ஹெட்ல காயம்னு போகணும்கறீங்க."

ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். சாயந்திரத்துக்குள் ஒரு லெட்டர் கொடுத்தனுப்பினார். 'செல்வி ஷாலின் எங்கள் நிறுவனத்தில் தலைவலியைக் கையாள்வதில் தனித்திறமை காட்டினார். அவருடைய பணிக்காலத்தில் ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை என்பதே அவரது திறமைக்குச் சான்று.' கீழே கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தன.

வீட்டில் இருதயசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இங்கிலீஷில் இருந்ததால் அவருக்கு நல்ல லெட்டராகவே தெரிந்தது.

"சீலு கீதே மா. அப்புறம் இன்னா?"

"நான் ஒண்ணுமே பண்ணலன்னு எழுதிக் கீறாருப்பா. அழகா."

"அந்தாளு என் பஸ்ல ஏற மாட்டான். ஏறட்டும் ஒருநாளு, ஸ்பீடு பிரேக்கருல காட்றேன்."

996-ஆம் நாள் மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஒரு பையனைத் தோளோடு அணைத்தபடி உள்ளே கொண்டுவந்தார். பெயர் பேச்சிராஜ். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், வயது இருபத்தொன்று, கான்ட்ராக்ட் லேபர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரூமில் ஒன்பது பேராகத் தங்கியிருப்பவன். இடது கையை, வகுப்பில் பதில் தெரிந்தவன் மாதிரி உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். கை முழுக்க கேன்டீன் துண்டு. துண்டு முழுக்க ரத்தம்.

"பயந்துராதியக்கா. தலவலிதான்."

ஷாலின் துண்டைப் பிரித்தாள். ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. நகம் இருக்க வேண்டிய இடம் நசுங்கிக் கிடந்தது.

"டேய், வெரல் நுனியக் காணோம்டா!"

"இடது கைதானக்கா. சாப்புடுத கை பத்திரமாத்தான் இருக்கு." பேசிக்கொண்டே வந்தவன் முகம் வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தான்.

அவனைப் படுக்க வைத்தாள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்து, விரலடியில் அழுத்திப் பிடித்தாள். சலைன் ஊற்றிக் கழுவினாள். இரும்புத் துகள் மூன்று, கிரீஸ், கையுறையின் நூல் ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்தாள். ரத்தம் நிற்கவே நேரம் பிடித்தது. நின்ற பிறகு, காயத்தில் ஒட்டாத வலைத்துணி, அதன் மேல் பஞ்சுத்துணி, அதன் மேல் கட்டு, பக்கத்து விரலோடு சேர்த்து ஒரு தாங்கல். அவள் செய்ததிலேயே நல்ல கட்டு அது. கடிகாரத்தைப் பார்த்தாள். 2:55.

"ஆம்புலன்ஸ் சொன்னீங்களா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"ஆம்புலன்ஸ் வெளிய போனா கேட்டுல என்ட்ரி ஆயிடும் மேடம். கேன்டீன் காய்கறி வண்டி ரெடியா நிக்கிது."

அவள் சண்டை போட வாயைத் திறந்தாள். ஆனால் ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் காய்கறி வண்டி ஆஸ்பத்திரிக்கே போய்விடும். காலி வெங்காய மூட்டைகளின் மேல் விரிப்பு போட்டுப் பேச்சிராஜை ஏற்றினார்கள். ஏறும் முன் அவன் திரும்பினான்.

"யக்கா, வெரல் போனா இ.எஸ்.ஐ.ல பணம் தருவாவன்னு ரூம்ல பயலுவ சொல்லுதானுவ. நெசமா?"

"தருவாங்க. வேலை செய்யுறப்ப அடிபட்டதுன்னு கம்பெனி எழுதித் தரணும்."

"தலவலிக்கும் தருவாவளா?"

இதை அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வண்டி போய்விட்டது.

ஷாலின் கை கழுவிவிட்டு வந்தபோது நம்பிராஜன் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் ரெஜிஸ்டர் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு லெட்டர். புது லெட்டர்.

"படிங்கம்மா."

படித்தாள். இரண்டு வருடத்தில் அவள் வெட்டுக்காயம், நசுங்கிய காயம், தீக்காயம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறாள். மொத்தம் முந்நூறு மணி நேரம். எல்லாம் உண்மை. கையெழுத்துக்குக் கீழே சீல் இன்னும் காயவில்லை.

"இருநூத்தி நாப்பது கேட்டாங்கன்னீங்க. நான் முந்நூறாவே போட்டிருக்கேன். அறுபது நம்ம அன்பளிப்பு."

"காயமே படாத கம்பெனின்னு சொன்னீங்களே சார்?"

"அது இங்கம்மா. இது ஜெர்மனிக்கு. அங்க ஒரு ஆபீசர் ஃபைல்ல வச்சுப்பான், இங்க யாருக்குத் தெரியப் போகுது? நீங்க இதை எழுதுங்க, அதை எடுத்துக்கங்க." பேனாவை நீட்டினார். "நாலே நாள். அந்தப் பையனை நாங்க பாத்துக்கறோம். ஊருக்கு பஸ் டிக்கெட்டுக்கு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். ஏ.சி. பஸ்."

காயமே படவில்லை என்று எழுதினால், காயங்களுக்குக் கட்டுப் போட்டதாகச் சான்று கிடைக்கும். ஷாலினுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்த லெட்டரை அவள் இரண்டு முறை படித்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அது அவளுக்கு வேண்டும். ஒரு வருடம் யாரோ ஒரு பெண் தனக்கு டெம்பரேச்சர் பார்க்கக் கற்றுக்கொடுப்பதைக் கேட்டுத் தலையாட்ட அவளுக்கு விருப்பமில்லை. பேச்சிராஜ் அவளுக்குத் தம்பியும் இல்லை, தெரிந்தவனும் இல்லை. முக்கால் மணி நேரம் அவன் கையைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

பேனாவை வாங்கினாள். தேதி எழுதினாள். பெயர் எழுதினாள். அடுத்த கட்டத்தில் அவள் கை, இரண்டு வருடப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே 'தலை' என்று எழுதிவிட்டது.

நம்பிராஜன் மூச்சு விட்டார்.

தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது, ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸிங் ஸ்கூலில் முதல் மாதம் சொல்லித் தருவது இது. ஷாலின் ஒரே கோடாக அடித்தாள். சுருக்கக் கையெழுத்துப் போட்டாள். பிறகு எழுதினாள்: 'பிரஸ் மெஷினில் வேலை செய்யும்போது இடது ஆள்காட்டி விரல் நசுங்கி, முதல் கணுவின் பாதி வரை நுனி இழப்பு. சிகிச்சை தொடக்கம் பிற்பகல் 2:10. கழுவி, மூன்று இரும்புத் துகள், ஒரு நூல் அகற்றப்பட்டன. ரத்தப்போக்கு நின்றது 2:31. கட்டு, தாங்கல். முடிவு 2:55. காய்கறி வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.' அந்த ரெஜிஸ்டரில் இரண்டு வருடத்தில் இவ்வளவு நீளமாக அவள் எழுதியதே இல்லை. எழுதியதும் போனை எடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்தாள்.

"காய்கறி வண்டியைக்கூடவா?" என்றார் நம்பிராஜன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவர் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தார். பிடித்த கை நின்றுவிட்டது. அவார்டு குழு கேட்டதால், ரெஜிஸ்டரின் எல்லாப் பக்கத்திலும் போன மாதம் அவரேதான் எண் போட்டுச் சீல் வைத்திருந்தார். 112-க்குப் பிறகு 114 வந்தால் குழுவுக்கு எண்ணத் தெரியும். ஆகவே ரெஜிஸ்டரை விட்டுவிட்டு லெட்டரை நான்காகக் கிழித்து, சுத்தம் பார்க்கும் மனிதர் என்பதால் டப்பாவில் போட்டார்.

"சார், அது ரத்தப் பஞ்சு போடுற டப்பா. பேப்பரு அந்த டப்பாவுல."

மறுநாள் காலை, தினமும் இரண்டு மணி நேரம் வந்து போகும் கம்பெனி டாக்டர், எல்லாத் தலைவலிகளுக்கும் கையெழுத்துப் போட்ட அதே வேகத்தில், படிக்காமலே இதற்கும் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தார். போர்டு சைபருக்கு வந்தது. கேக்கை மட்டும் திருப்பி எடுக்கமாட்டேன் என்று பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார். 1000 என்ற கிரீமைக் கத்தியால் வழித்துவிட்டுப் பிரஸ் ஷாப்பில் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்ததாம்.

ஷாலினை அன்றே ஃபர்ஸ்ட் எய்ட் ரூமிலிருந்து எடுத்து, கேன்டீனில் சமையல்காரர்களின் நகம் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். மாத முடிவில் நின்றுகொள்ளச் சொன்னார்கள். கடைசி நாளில் கொடுத்த சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடுவில் ஒன்றுமில்லை. பேச்சிராஜின் இ.எஸ்.ஐ. படிவத்தில் கம்பெனி வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டது. அவன் வலது கையால் டைப் செய்து ஒரு மெசேஜ் அனுப்பினான்: 'யக்கா பணம் வரும்னு சொல்லிட்டாவ. நீங்க ஜெர்மனி போனா எனக்கு ஒரு நல்ல கையுறை அனுப்புங்க, சின்ன வெரல் சைசுல.'

ஷாலின் மிச்சமிருந்த ஒரே ஆதாரத்தை அனுப்பினாள். 113-ஆம் பக்கம், பேச்சிராஜின் பெயரை வெள்ளைத்தாள் வைத்து மறைத்து. சுப்பராயன் அந்த ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துவிட்டு, "இதுலதாம்மா வேலையே இருந்துச்சு" என்று சொன்னார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. இருதயசாமி ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டைகூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"இன்னா மா, கொறச்சாங்களா?"

"கொறச்சாங்கப்பா."

"எவ்ளோ?"

"முக்கா மணி நேரம்."

"ரெண்டு வருஷத்துக்கா?"

"ஒரு வெரலுக்கு."

அலுவலகம் மிகக் கவனமாகக் கணக்குப் போட்டிருந்தது. சிகிச்சையின் தொடக்கமும் முடிவும் குறிப்பிடப்பட்டு, மருத்துவரின் கையெழுத்துடன் இருப்பதால், இந்தப் பதிவு முழுமையாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மீதி, இருநூற்று முப்பத்தொன்பது மணி பதினைந்து நிமிடம். இதுபோன்ற பதிவுகள் மேலும் இருந்தால் தயவுசெய்து அனுப்பிவைக்கவும்.

ஷாலின் அந்தக் கடைசி வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

"அப்ப ஒரு வருஷம் ஹெல்பராத்தான் போணுமா?" என்றார் அவர். "நான் பஸ்ல இன்னான்னு சொல்றது?"

"நர்ஸுன்னே சொல்லுப்பா. முக்கா மணி நேரம் நர்ஸு, மிச்ச நேரம் ஹெல்பரு."

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது, உதவியாளர் பயிற்சியில் சேரச் சம்மதம் கேட்டு. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஷாலின் அதை நிரப்ப உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி, முகவரி. நான்காவது கேள்வி, காயப் பராமரிப்பில் முன் அனுபவம். 'நாற்பத்தைந்து நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.